குதிரைப்படையும் அதில் மிஞ்சியிருப்பவையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரைப்படை எப்படி இயங்கியது, எதனால் முடங்கியது, இன்றைய கவசப் படைகளில் அதில் எது மிஞ்சியிருக்கிறது என்று கேட்பவர்களுக்கான பதில்கள் இவை. வாள், இறகுத் தொப்பி பற்றிக் குறைவாகவும் தண்ணீர், லாடம், முதுகுப்புண் பற்றிக் கூடுதலாகவும் எழுதியிருக்கிறோம். படையை நடத்தியவை பின்னவைதான்.

இலங்கை இராணுவத்தில் குதிரைப்படை இருக்கிறதா?

இல்லை. கொழும்பில் சீருடையோடு குதிரையில் வருபவர்கள் பொலிஸ் குதிரைப் பிரிவினர். அரச வைபவங்களில் அணிவகுப்பதும், தேவைப்பட்டால் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் அவர்கள் வேலை.

இராணுவத்தில் குதிரைப்படையின் பழைய வேலையைச் செய்வது கவச வாகனப் படையணி. 1955 ஒக்டோபர் 10 அன்று முதலாவது வேவுப் படையணியாக அது தொடங்கியது. அதன் இருப்பிடம் முகத்துவாரம் ரொக் ஹவுஸ் முகாம். டி-55 டாங்கிகள் வந்து சேர்ந்தது 1990களில்தான். அதற்கு முன்பு ஃபெரெட், சலடின் போன்ற சில்லு வண்டிகளே இருந்தன. முன்னே ஓடிப் போய் எதிரி எங்கே நிற்கிறான், எத்தனை பேர், பாலம் இருக்கிறதா என்று பார்த்து வந்து சொல்வது அந்த வண்டிகளின் கடமை. இலகு குதிரைப்படைக்கும் அதே கடமைதான் இருந்தது.

காலனிக் காலத்தில் குதிரையேறிய பிரிவு ஒன்று இங்கே இருந்தது. 1892 இல் தொண்டர் படையாகத் தொடங்கிப் பின்னர் சிலோன் மவுண்டட் ரைபிள்ஸ் எனப் பெயர் பெற்ற அது 1938 இல் கலைக்கப்பட்டது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் தோட்டத் துரைமார். 1900 இல் இங்கிருந்து ஒரு குழு தென்னாபிரிக்கப் போருக்கும் போனது.

குதிரையில் போன எல்லாரும் குதிரைப்படை வீரர்கள்தானா?

அப்படிச் சொல்ல முடியாது. குதிரை மேலிருந்தே வாளாலோ ஈட்டியாலோ போரிடுபவர் ஒரு வகை. குதிரையில் போய்ச் சேர்ந்து, இறங்கி, தரையில் நின்று துப்பாக்கியால் சுடுபவர் இன்னொரு வகை. இரண்டாவது வகையைக் குதிரையேறிய காலாட்படை என்பார்கள். சிலோன் மவுண்டட் ரைபிள்ஸ் இந்த வகைதான். அவர்கள் எதிர்த்துப் போன, தென்னாபிரிக்காவில் குடியேறிய ஒல்லாந்தரின் வழிவந்த போயர் விவசாயிகளும் இதே வகை, அதுவும் உலகிலேயே கெட்டிக்காரர்கள். அந்தப் போயர்களில் ஆயிரக்கணக்கானோர் கைதிகளாகத் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டதும் 1900 இல் தான்.

இறங்கிச் சுடுவதற்கு ஒரு விலை உண்டு. குதிரைகளை யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வழக்கமான ஏற்பாடு நால்வரில் ஒருவர்: தன் குதிரையோடு மற்ற மூவரின் குதிரைகளையும் பிடித்துக்கொண்டு மேட்டுக்குப் பின்னால் மறைவாக நிற்பார். 120 பேர் இறங்கினால் சுடுவதற்குக் கிடைப்பது 90 துப்பாக்கிதான். இன்றைக்குக் கவச வாகனத்திலிருந்து ஆட்கள் இறங்கும்போது சாரதியும் சுடுநரும் உள்ளேயே இருக்க வேண்டியிருப்பது அதே கணக்கின் தொடர்ச்சி. வாகனப் படையிடம் ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கச் சொன்னால் ஆள் போதாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு படைக்குதிரை நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் போகும்?

தொடர்ந்து பல நாள் போக வேண்டுமானால் 30 முதல் 40 கிலோமீற்றர். அவசரத்துக்கு ஒரு நாள் இதைப்போல் இரண்டு மடங்கு போகலாம். ஆனால் அடுத்த இரண்டு நாளில் அதற்கான வட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். பிரித்தானியப் பயிற்சியில் நடை மணிக்கு 4 மைல், பெருநடை 8 மைல், பாய்ச்சல் 15 மைல் என்று வகுத்திருந்தார்கள்.

பயணம் போகும் முறை சினிமாவில் வருவது போல் இருக்காது. முதல் 30, 40 நிமிடம் நடை. பிறகு ஒரு நிறுத்தம். சேணம் ஏற்றும்போது குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும், அரை மணி நேரத்தில் வயிற்றுவார் தளர்ந்துவிடும். அதை இறுக்காமல் பெருநடைக்குப் போனால் சேணம் நகர்ந்து முதுகைத் தேய்க்கும். அதன் பிறகு பெருநடையும் நடையும் மாறி மாறி. ஒவ்வொரு மணி நேரத்திலும் சுமார் 10 நிமிடம் ஆள் இறங்கி, குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடக்க வேண்டும். கடைசி இரண்டு கிலோமீற்றரும் நடைதான். வியர்வை உலராமல் லாயத்துக்குள் கொண்டுபோய்க் கட்டக் கூடாது.

சுமையும் பார்க்கிற அளவுக்கு இலேசானதில்லை. ஆள், சேணம், துப்பாக்கி, தோட்டா, போர்வை, ஒரு நாள் தீனி எல்லாம் சேர்ந்தால் 110 முதல் 130 கிலோ. குதிரையின் சொந்த எடையே 450, 500 கிலோதான்.

தீனியும் தண்ணீரும் எவ்வளவு தேவை?

உழைக்கும் குதிரை ஒன்றுக்கு நாளொன்றுக்குத் தானியம் 5 கிலோ, உலர்புல் 5 கிலோ அல்லது அதற்கு மேல், தண்ணீர் 30 முதல் 45 லீற்றர். ஐரோப்பாவில் தானியம் என்றால் ஓட்ஸ். நம் பக்கத்தில் கொள்ளு. அதை ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுக்க வேண்டும், உலர்ந்த கொள்ளை அள்ளிப் போட்டால் வயிற்றுக்குள் உப்பி வலியில் கொண்டுபோய் விடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதை மறக்கக் கூடாது. குடல்வலி வந்த குதிரை முன்காலால் நிலத்தைச் சுரண்டும், விலாப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்து உருளும். இரைப்பை உடம்பின் அளவுக்கு மிகச் சிறியது. ஆகவே ஒரு வேளைக்குத் தானியம் 2 கிலோவைத் தாண்டாமல், நாளுக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். முதலில் தண்ணீர், பிறகு புல், கடைசியில் தானியம்.

500 குதிரை கொண்ட ஒரு ரெஜிமென்டுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். தண்ணீர் மட்டும் நாளொன்றுக்கு 20,000 லீற்றர், அதாவது பெரிய பவுசர் இரண்டு. தீனி 5 தொன். முதலாம் உலகப் போரில் பிரித்தானியா கப்பலேற்றிய குதிரைத் தீனி 50 இலட்சம் தொன்னுக்கு மேல். எடையில் அது வெடிமருந்துக்குச் சளைத்ததில்லை.

1917 ஒக்டோபர் 31 அன்று பலஸ்தீனத்தின் பீர்ஷெபாவில் அவுஸ்திரேலிய 4ஆம் இலகு குதிரைப் பிரிகேட் மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் பாய்ந்த கதை புகழ்பெற்றது. அந்த ஊரில் கிணறுகள் இருந்தன. பல குதிரைகள் ஒரு நாளுக்கும் மேலாகத் தண்ணீர் காணவில்லை. இருட்டுவதற்குள் ஊரைப் பிடிக்காவிட்டால் பின்வாங்கித் தண்ணீர் தேடிப் போக வேண்டும். வாள் வழங்கப்படாத அந்த வீரர்கள் துப்பாக்கி முனைக்கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு பாய்ந்தார்கள். வீரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நேரத்தை நிர்ணயித்தது தண்ணீர்.

போரில் குதிரைகள் பெரும்பாலும் குண்டுபட்டா செத்தன?

பெரும்பாலானவை அப்படிச் சாகவில்லை. தென்னாபிரிக்கப் போரில் (1899 முதல் 1902 வரை) பிரித்தானியத் தரப்பு இழந்த குதிரைகள் சுமார் 3 இலட்சத்து 26 ஆயிரம். போயர்களின் தோட்டா இதில் சிறு பங்குதான். வாரக்கணக்கில் கப்பலில் நின்றபடி வந்த குதிரைகளை இறக்கிய கையோடு ரயிலேற்றி, ஓய்வும் பழக்கமும் கொடுக்காமல் களத்துக்கு அனுப்பினார்கள். சுமை அதிகம், தீனி குறைவு. மேய விடுவதற்கு நேரமில்லை. அதிகாரிகள் பலருக்கு ஏறத் தெரிந்த அளவுக்குப் பராமரிக்கத் தெரிந்திருக்கவில்லை.

குதிரை படுத்துவிடும் வழிகளில் முக்கியமானவை இரண்டு.

முதலாவது முதுகுப்புண். சேணத்தின் எடை முதுகெலும்பின் இரு பக்கத்துத் தசையில் இறங்க வேண்டும். நடு எலும்பில் இறங்கவே கூடாது. சேணத்தின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே பின்னாலிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரிய வேண்டும் என்பது எளிய சோதனை. குதிரை இளைத்தால் நேற்றுப் பொருந்திய சேணம் இன்று பொருந்தாது. போர்வையை மடித்துத் தடிப்பைக் கூட்டித்தான் சமாளிக்க வேண்டும். போர்வையில் ஒரு சுருக்கம், ஒரு முள், காய்ந்த வியர்வை, ஒரு பக்கமாகச் சரிந்து தூங்கும் வீரன், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். சேணத்தைக் கழற்றும்போது தோல் நன்றாகத்தான் இருக்கும். அரை மணி கழித்து வீக்கம் எழும், ஏனெனில் அழுந்திய இடத்துக்கு இரத்தம் அப்போதுதான் திரும்புகிறது. ஆகவே இறங்கியதும் சேணத்தைப் பிடுங்கி எடுக்காமல், வயிற்றுவாரை மட்டும் தளர்த்திவிட்டு 10, 15 நிமிடம் விட்டு வைத்து, பிறகு கழற்றி, உள்ளங்கையால் முதுகைத் தேய்த்துவிடுவார்கள். பழைய குதிரையின் முதுகில் வெள்ளை முடித் திட்டுகள் தெரிந்தால் யாரோ இதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது குளம்பு. மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளரும். லாடம் தேயாவிட்டாலும் 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு தடவை கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். வழக்கம் ஏழு ஆணி: வெளிப்பக்கம் நான்கு, உட்பக்கம் மூன்று. ஆணி குளம்பின் உணர்வுள்ள உட்பகுதிக்கு நெருக்கமாகப் போனால் அன்றைக்கே நொண்டும். சீழ் பிடித்தால் சில நாள் கழித்து நொண்டும், காரணம் தேடுவதும் கடினம். ஈரலிப்பான இடங்களில், கொழும்பைப் போல, வேறொரு தொல்லை. அடிக்குளம்பின் நடுவிலுள்ள முக்கோண மெத்தைப் பகுதி அழுகிக் கருநிறக் கசிவும் நாற்றமும் வரும். நாளுக்கு இரண்டு தடவை குளம்பைக் கிளறிச் சுத்தம் செய்வதும், நனைந்த படுக்கையை அன்றன்றே அள்ளி எறிவதும்தான் வைத்தியம். மருந்து அதற்குப் பிறகு.

தமிழகத்திலும் இலங்கையிலும் குதிரை வளர்ப்பு ஏன் வேரூன்றவில்லை?

வெக்கையும் ஈரமும். குதிரை வியர்த்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. குளிர்நாட்டிலிருந்து வரும் குதிரைகள் சில, இங்கே கொஞ்ச காலத்தில் வியர்ப்பதையே நிறுத்திவிடும், ஓட்டினால் மூச்சு வாங்கிச் சாயும். கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா என்ற இரத்த நோயும் உண்டு. அதன் கிருமியை 1880 இல் பஞ்சாபில் கிரிஃபித் எவன்ஸ் என்ற மிருக வைத்தியர் கண்டறிந்தார். நல்ல மேய்ச்சல் நிலமும் குறைவு.

அதனால் குதிரை கடல் வழியாக வரும் பண்டமாகவே இருந்தது. பாண்டியன் குதிரை வாங்கிவரப் பொன் கொடுத்து மாணிக்கவாசகரை அனுப்பிய கதை நமக்குத் தெரிந்ததுதானே. வரலாற்றிலும் அப்படியே. பாரசீக வளைகுடாவிலிருந்து பாண்டிய நாட்டுக்கும் அயல் துறைகளுக்கும் ஆண்டுக்கு 10,000 குதிரை வரை, ஒன்று 220 தினார் விலையில் போனதாக வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதினார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம், ஆனால் வந்தவை பெருகவில்லை, ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது என்பது உறுதி. இலங்கையில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தைப் பிடித்து 22 ஆண்டு ஆண்ட சேனன், குத்திகன் இருவரையும் குதிரை வணிகனின் மக்கள் என்கிறது மகாவம்சம்.

இங்கே தாக்குப்பிடித்தது நெடுந்தீவு மட்டும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்த மட்டக் குதிரைகள் அந்த வறண்ட தீவில் இன்றும் மேய்கின்றன. கண்டி இராச்சியத்துக்கு எதிராகக் குதிரைப்படை பயன்படாததற்கு நோயைத் தேட வேண்டியதில்லை. காடும் கணவாயும் ஒற்றையடிப் பாதையும் போதும்.

குதிரைத் தாக்குதல் எப்படி நடத்தப்பட்டது?

பெரும்பகுதி மெதுவாக. நடையில் தொடங்கி, பெருநடையில் நெருங்கி, சில நூறு மீற்றர் இருக்கும்போது பாய்ச்சல். முழு வேகம் கடைசி 50 மீற்றரில்தான். வரிசை முழங்காலோடு முழங்கால் உரச ஒரே சுவராகப் போய்ச் சேர வேண்டும். நல்ல குதிரை முந்தினால் வரிசை கிழியும், ஆகவே வேகத்தை நிர்ணயிப்பது மெதுவான குதிரை. சீக்கிரம் பாய்ந்தால் மோதும் இடத்தில் குதிரைக்கு மூச்சிருக்காது.

அதைவிடப் பெரிய தவறு பின்னிருப்பு, அதாவது தேவைக்கு அனுப்ப ஒதுக்கிய படை, வைக்காமல் எல்லாரும் போவது. 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் பிரித்தானியக் கனரகக் குதிரைப்படை பிரெஞ்சுக் காலாட்படையைச் சிதறடித்துவிட்டு, நிற்க மறந்து எதிரியின் பீரங்கி வரிசை வரைக்கும் ஓடியது. களைத்துப்போன அந்தக் குதிரைகளைப் புதிய பிரெஞ்சு ஈட்டி வீரர்கள் வந்து சூறையாடினார்கள். அதே நாள் பிற்பகல் பிரெஞ்சுக் குதிரைப்படை அலையலையாக வந்தும் பிரித்தானியச் சதுர அணிகளை உடைக்க முடியவில்லை. முனைக்கத்திச் சுவர் குலையாமல் நின்றால் குதிரை அதற்குள் பாயாது, விலகி ஓடும்.

போலந்துக் குதிரை வீரர்கள் ஜேர்மன் டாங்கிகள் மீது ஈட்டியோடு பாய்ந்தார்களாமே?

இல்லை. 1939 செப்டெம்பர் 1 அன்று குரோயாந்தி அருகே போலந்தின் 18ஆம் உலான் (ஈட்டிக் குதிரைப்படை) ரெஜிமென்ட் தாக்கியது ஜேர்மன் காலாட்படையை. தாக்குதல் பலித்தது. பிறகு வந்த ஜேர்மன் கவச வண்டிகள் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டதில் ரெஜிமென்ட் தளபதி மஸ்தலேர்ஸ் உட்பட சுமார் இருபது பேர் இறந்தார்கள். மறுநாள் இடத்தைப் பார்த்த செய்தியாளர்களுக்குச் சொல்லப்பட்டது வேறு கதை, அதுதான் ஊர் சுற்றியது. அதே செப்டெம்பர் 1 அன்று மொக்ராவில் வொலின் குதிரைப்படைப் பிரிகேட் குதிரையிலிருந்து இறங்கி, 37 மில்லிமீற்றர் பீரங்கிகளோடு ஜேர்மனியின் 4ஆம் பான்சர் (டாங்கி) டிவிஷனை நாள் முழுக்கத் தடுத்து நிறுத்தியதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

உலகின் கடைசிக் குதிரைத் தாக்குதல் எது?

இராணுவத்துக்கு ஒன்று என்று பல ‘கடைசி’கள் உண்டு. அமெரிக்கர்களுக்கு 1942 ஜனவரியில் பிலிப்பைன்ஸின் மொரோங்கில் 26ஆம் குதிரைப்படை. பிரித்தானிய அதிகாரியின் தலைமையில் நடந்ததென்றால் அதே ஆண்டு மார்ச்சில் பர்மாவில் கப்டன் சாண்ட்மன் தலைமையில், பெரும்பாலும் சீக்கிய வீரர்கள். இத்தாலியருக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவது 1942 ஓகஸ்ட் 24 அன்று ரஷ்யாவின் இஸ்புஷென்ஸ்கி. இந்தியக் குதிரைப்படை கொண்டாடுவது 1918 செப்டெம்பர் 23: ஜோத்பூர், மைசூர் ஈட்டிப்படைகள் ஹைஃபாவைப் பிடித்த நாள்.

வாகனத்துக்கு எப்போது மாறினார்கள்?

பிரித்தானியாவில் 1928 இல் 11ஆம் ஹுசார், 12ஆம் லான்சர் ரெஜிமென்டுகள் கவச வண்டிக்கு மாறின. ஸ்கொட்ஸ் கிரேஸ் என்ற ரெஜிமென்ட் 1941 வரை குதிரையிலேயே இருந்தது. இந்திய இராணுவத்தில் 1938 இல் சிந்து குதிரைப்படை முதலில் மாறியது. ஜேர்மன் இராணுவத்தை முழுக்க யந்திரப்படை என்று நினைப்பவர்களுக்கு: இரண்டாம் உலகப் போரில் அது பயன்படுத்திய குதிரைகள் சுமார் 27 இலட்சம். ஏறக்குறைய எல்லாம் வண்டியும் பீரங்கியும் இழுக்கத்தான்.

இன்றைய கவசப் படையில் உண்மையில் எது மிஞ்சியிருக்கிறது?

கண்ணுக்குத் தெரிபவை: ஸ்குவாட்ரன், ட்ரூப் என்ற பிரிவுகள், சாதாரண வீரரை ட்ரூப்பர் என்று அழைப்பது, வால் பிளந்த சிறு கொடி. இலங்கைக் கவசப் படையணியும் இந்த வழக்கங்களில்தான் வளர்ந்தது. பிரான்சில் குதிரைப்படை மரபுப் பிரிவுகளில் சார்ஜண்டுக்கு இன்றும் வேறு பதவிப் பெயர். அமெரிக்கக் குதிரைப்படைப் பிரிவுகளின் ஸ்டெட்சன் தொப்பி 1960களில் ஹெலிகொப்டர்காரர்கள் மீட்டெடுத்தது. அழகுதான், ஆனால் மரபு என்று பெரிதாக மெச்ச வேண்டியதில்லை.

மெச்ச வேண்டியது வேலை முறை. முதன்மைப் படைக்கு முன்னாலும் பக்கங்களிலும் காவல் போடுவதை இன்றும் மூன்று படியாகப் பிரிக்கிறார்கள். முதல் படியில் பார்த்துச் சொன்னால் போதும், தற்காப்புக்கு மட்டும் சுடலாம். இரண்டாவதில் சண்டையிட்டு நேரம் வாங்கித் தர வேண்டும். மூன்றாவதில் முதன்மைப் படையின் உதவி எட்டாத தூரத்தில் தனித்தே போரிட வேண்டும். எந்தப் படி என்று தெளிவாகச் சொல்லாமல் அனுப்பினால் பார்க்கப் போனவர்கள் சண்டையில் மாட்டிக்கொள்வார்கள். குதிரைக் காலத்திலும் அதே கேடுதான்.

இன்னொன்று ஒழுங்கு. குதிரைக்குத் தண்ணீர் காட்டி, தேய்த்து, தீனி வைத்த பிறகே வீரன் சாப்பிட உட்காரலாம். டாங்கிக் குழுவும் அப்படியே: எரிபொருள், குண்டு, சங்கிலித் தடத்தின் இறுக்கம், எண்ணெய் எல்லாம் பார்த்த பிறகுதான் சோறு. இதை விட்ட பிரிவின் வாகனங்கள் பாதையோரம் படுத்துக் கிடக்கும்.

தமிழர்கள் இருக்கும் குதிரைப்படை மரபு ரெஜிமென்ட் ஏதாவது உண்டா?

இந்திய இராணுவத்தின் 16ஆம் லைட் கவல்ரி. 1776 இல் ஆற்காட்டுப் பக்கத்தில் உருவான அது இன்று டாங்கி ரெஜிமென்ட். தென்னிந்திய வீரர்களைக் கொண்டது. 7ஆம், 8ஆம் லைட் கவல்ரிகளும் மதராஸ் படையிலிருந்து வந்தவையே.

இன்றும் குதிரையோடு இருக்கும் இராணுவப் பிரிவுகள் எவை?

இந்தியாவின் 61ஆம் கவல்ரி, 1953 இல் பழைய சமஸ்தானக் குதிரைப்படைகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டது, ஜெய்ப்பூரைத் தளமாகக் கொண்டு வளர்ந்தது. 1773 இல் தொடங்கிய இந்திய ஜனாதிபதியின் மெய்க்காவல் படையினர் குதிரையேற்றத்தோடு கவச வாகனமும் பரசூட்டும் பழகியவர்கள். இலண்டனில் அரச பீரங்கிக் குதிரைப் பிரிவு ஒவ்வொரு பீரங்கிக்கும் ஆறு குதிரை பூட்டுகிறது. அந்தப் பீரங்கிகளுக்குத் தடுப்பு கிடையாது, பின்னிரு குதிரைகள்தான் தடுப்பு.

சடங்குக்கு வெளியே, 2001 இல் ஆப்கானிஸ்தான் வடக்கில் அமெரிக்க விசேட படையினர் உள்ளூர் மரச்சேணங்களில் ஏறிப்போய் விமானத் தாக்குதலை வழிநடத்தினார்கள். இமயமலைக் காவலரண்களுக்குச் சாமான் ஏற்ற இந்திய இராணுவம் கோவேறு கழுதைகளை நீண்டகாலமாக வைத்திருக்கிறது.

இறுதி ஊர்வலத்தில் ஆளில்லாக் குதிரையில் சப்பாத்து பின்நோக்கி இருப்பது ஏன்?

வீரன் இனி ஏறமாட்டான் என்பதற்கு. அங்கவடியில் சப்பாத்தைத் திருப்பி வைப்பார்கள். 1963 இல் கென்னடியின் ஊர்வலத்தில் பிளாக் ஜக் என்ற குதிரை அப்படி நடந்தது.

கொழும்பில் பொலிஸ் குதிரைக்கு அருகில் போகலாமா?

ஏறியிருப்பவரிடம் கேட்ட பிறகு போகலாம். குதிரைக்கு நேர் முன்னாலும் நேர் பின்னாலும் சரியாகத் தெரியாது. ஆகவே அதன் இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே, மெதுவாக வாருங்கள். வாளை இடுப்பின் இடப்பக்கம் கட்டியவர்கள் இடப்பக்கமாகவே ஏறியதால் குதிரைகளை இன்றும் அந்தப் பக்கத்துக்கே பழக்குகிறார்கள். முதலில் தொட வேண்டியது கழுத்து அல்லது தோள். மூக்கையும் காதையும் விடுங்கள். பின்னால் கடக்க வேண்டியிருந்தால் 3 மீற்றராவது தள்ளிப் போங்கள். காது பின்னுக்கு மடிந்து ஒட்டியிருந்தால் கிட்டப் போகவே வேண்டாம். காலிமுகத்திடல் காற்றில் குடை விரிப்பது, பட்டம் விடுவது, கமராவின் ஃபிளாஷ் மூன்றையும் குதிரைக்கு அருகில் தவிருங்கள். வடை, இஸ்ஸோ, பிஸ்கட் எதுவும் கொடுக்கக் கூடாது. பிள்ளையைத் தூக்கிக் காட்டுவதானால், ஏறியிருப்பவர் கடிவாளத்தைச் சேர்த்துப் பிடிக்கும் வரை பொறுத்திருங்கள்.